நாற்காலி கேட்ட கதை

ரெண்டு மாசமா ஆளைக் காணோமேன்னு மூணு பேர் மெயில் அனுப்பியிருந்தீங்க. நம்மளையும் தேட மூணு பேர் இருக்காங்கன்னு ஒரு அல்ப சந்தோஷம் :-) ஸ்கூல்ல ஆணி அதிகம்னு வழக்கமான பதிலைப் போட்டேன். பொய் இல்லை, பாதி உண்மை. மீதிப் பாதியை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாளா டிராஃப்ட்ல வெச்சு வெச்சு அழிச்சுட்டிருந்தேன். இன்னிக்கு எழுதிடறேன்.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமா எம்.எஸ். நம்ம ஊர் அரசாங்க விண்ணப்பங்கள்ல 'தண்டுவட மரப்பு நோய்'னு இருக்கும். சின்ன ர. பெரிய ற போட்டு 'மறப்பு'ன்னு எழுதினாலும் என் விஷயத்துல பெரிய தப்பில்லை, பசங்க பேரெல்லாம் அப்பப்ப மறந்து போகுது.

முகப்பேர்ல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல 2010லேர்ந்து கணக்கு டீச்சர். ஒன்பதாவது, பத்தாவது. வீடு ஏரித் திட்டத்துப் பக்கம், ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஸ்கூலுக்கு நடந்து போனா பன்னிரண்டு நிமிஷம். இப்ப அதே தூரம் இருபத்தஞ்சு நிமிஷம் ஆகுது. ரோடு நீளலை, அதே ரோடுதான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2018 ஜனவரி. பத்தாவதுக்கு ரிவிஷன் ஓடிட்டிருந்தது. போர்டுல வரைபடம் போட்டு, பரவளையத்தை சிவப்பு சாக்பீஸால வரைஞ்சேன். திரும்பிப் பார்த்தா கோடு வெளுத்துப் போய், பழைய செங்கல் கலர்ல தெரியுது. மட்டமான சாக்பீஸ் வாங்கிட்டாங்கன்னு நினைச்சேன். (வாங்குவாங்க, அது தனிப் பதிவு.) தற்செயலா இடது கண்ணைக் கசக்கினேன். அந்தக் கண்ணை மூடினா கோடு நல்ல ரத்தச் சிவப்பு. அதைத் திறந்து வலதை மூடினா செங்கல். நாலு தடவை மாத்தி மாத்திப் பார்த்தேன். முதல் பெஞ்சுப் பொண்ணு, "மிஸ் யாரைப் பாத்து கண்ணடிக்கறாங்க"ன்னு பக்கத்துல கேட்டுச்சு.

கண்ணாடி பவர் மாறியிருக்கும்னுதான் நினைச்சேன். ரெண்டு நாள்ல கண்ணை உருட்டினாலே வலி. கண் டாக்டர் கலர் கலரா புள்ளி வெச்ச புத்தகத்தைக் காட்டி நம்பர் படிக்கச் சொன்னார். கணக்கு டீச்சருக்கு இடது கண்ணுல ஒரு நம்பர் கூடத் தெரியலை. பார்வை நரம்புல வீக்கம்னு சொல்லி நியூராலஜிஸ்ட்கிட்ட அனுப்பினார். அங்கே மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் எம்.ஆர்.ஐ. ஃபிலிம்ல அங்கங்க வெள்ளைப் புள்ளி. முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்தாங்க. கடைசில அஞ்சு நாள் தினம் ஒரு கிராம் ஸ்டீராய்டு, டிரிப்ஸ்ல. பார்வை முக்கால்வாசி திரும்பி வந்தது. சிவப்பு மட்டும் இன்னிக்கு வரைக்கும் முழுசா வரலை.

வியாதி என்னன்னு ரெண்டு வரில சொல்லிடறேன். நரம்பைச் சுத்தி மயலின்னு ஒரு கொழுப்பு உறை இருக்கு. கிருமியோட சண்டை போட வேண்டிய நம்ம எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாம அந்த உறையைத் தின்ன ஆரம்பிக்குது. தின்ன இடம் தழும்பாகி இறுகிப் போகும். 1868ல பாரிஸ்ல சார்கோங்கற டாக்டர் இதைத் தனி நோயா அடையாளம் காட்டினார். தழும்பு எங்கே விழுதோ அதுக்குத் தக்க கஷ்டம்: கண்ணு, காலு, பேச்சு, மூத்திரப்பை. அதனாலதான் ரெண்டு எம்.எஸ். ஆளுங்க ஒரே மாதிரி இருக்கறதில்லை. உலகம் முழுக்க 28 லட்சம் பேருக்கு இருக்குன்னு 2020ல கணக்கு எடுத்தாங்க. பெரும்பாலும் 20லேர்ந்து 40 வயசுக்குள்ள ஆரம்பிக்கும், ஆம்பளைங்களை விடப் பொம்பளைங்களுக்கு அதிகம். ஏன் வருதுன்னு முழுசா யாருக்கும் தெரியாது. எப்ஸ்டீன் பார்னு ஒரு வைரஸுக்குப் பெரிய பங்கு இருக்குன்னு 2022ல அமெரிக்க ராணுவத்து ஆளுங்களோட ரத்தத்தை வருஷக்கணக்கா பார்த்துச் சொன்னாங்க. ஆனா அந்த வைரஸ் நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு மேல ஏற்கனவே வந்துட்டுப் போனது. அதனால பதறாதீங்க. தொத்தவும் தொத்தாது.

குணமாகற மருந்து இல்லை. புதுசா தழும்பு விழறதைக் குறைக்க மருந்து இருக்கு. எனக்குக் காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு கேப்ஸ்யூல். முழுங்கின கொஞ்ச நேரத்துல முகமெல்லாம் ஜிவ்வுனு சிவந்துடும். பக்கத்து வீட்டு மாமி "வெக்கப்படறியாடி"ன்னு கேக்கற அளவுக்கு.

இதெல்லாம் கூட சமாளிச்சுடலாம். என்னைப் படுத்தினது ரெண்டு விஷயம். ஒண்ணு வெயில். ரெண்டாவது நாற்காலி.

வெயிலை முதல்ல சொல்றேன். உறை போன நரம்புல சேதி ஏற்கனவே தட்டுத்தடுமாறித்தான் போகும். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே அதுவும் நின்னுடும். 1890ல ஊட்டாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் கண்டுபிடிச்சது: உடற்பயிற்சி பண்ணினா நோயாளிக்குப் பார்வை மங்குது, ஓய்வெடுத்தா திரும்பிடுது. ஸ்கேன் எல்லாம் வர்றதுக்கு முந்தி, இந்த வியாதி இருக்கான்னு பார்க்க ஆளைச் சுடுதண்ணித் தொட்டில உட்கார வைப்பாங்களாம். கால் இழுத்துக்கிச்சு, கண் மங்குச்சுன்னா எம்.எஸ். நம்ம சென்னைல மே மாசம் அந்த டெஸ்ட் எல்லாருக்கும் இலவசம்.

என் பத்தாவது 'பி' செக்ஷன் மூணாவது மாடில. மேலே மொட்டை மாடி. மார்ச் ஆச்சுன்னா மத்தியானம் அஞ்சாவது பீரியட்ல கால் ரெண்டும் ஈரச் சாக்கு மாதிரி கனக்கும். போர்டுல நான் எழுதினதே எனக்குக் கலங்கலா தெரியும். புது சேதம் இல்லை, உடம்பு குளிர்ந்தா சரியாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். மூளைக்குத் தெரியுது, காலுக்குத் தெரியணுமே. ஈரத்துண்டு, ஐஸ் தண்ணி பாட்டில், ரீசஸ்ல பாத்ரூம் குழாயடில மணிக்கட்டை நீட்டிக்கிட்டு நிக்கறதுன்னு ஒரு மாதிரி ஓட்டினேன்.

அடுத்தது நாற்காலி. ஆசிரியர்களா இருக்கற பதிவர்களுக்கு இது புரியும். மத்தவங்களுக்கு ஆச்சரியமா இருக்கலாம். நிறைய தனியார் பள்ளிகள்ல வகுப்புல டீச்சருக்கு நாற்காலியே போட மாட்டாங்க. டீச்சர் உட்கார்ந்தா கிளாஸ் படுத்துடும்ங்கறது நிர்வாகத்தோட சித்தாந்தம். கேமராவும் இருக்கு. ஒரு நாளைக்கு ஆறு பீரியட், ஒவ்வொண்ணும் 40 நிமிஷம். அதாவது 240 நிமிஷம், நாலு மணி நேரம் நிக்கணும். கணக்கு டீச்சர்ங்கறதால துல்லியமா சொல்றேன்.

நான் அஞ்சு வருஷம் யார்கிட்டயும் சொல்லலை. ஜன்னல் கட்டைல சாய்வேன். "யார் வந்து போடறீங்க"ன்னு சாக்பீஸைப் பசங்ககிட்ட கொடுத்துடுவேன். மாணவர்களைப் பங்கேற்க வைக்கிறார்னு ஒரு தடவை பாராட்டு வேற! ஒரு நாள் படில தடுமாறினப்போ வாட்ச்மேன் அண்ணன் பார்த்துட்டு, "பிரஷராம்மா? காலைல சாப்டியா?"ன்னு கேட்டார். ஆமாண்ணே, பிரஷர்னேன். அப்புறம் அதையே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பிரஷர்னா யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்க, உப்பைக் குறைங்கன்னு மட்டும் சொல்வாங்க.

நடுவுல கொரோனா வந்தது. 2020 மார்ச்ல ஸ்கூல் மூடினாங்க. ஆன்லைன் வகுப்பு. ஊரே அழுதுட்டிருந்த நேரத்துல இதைச் சொல்லக் கூச்சமா இருக்கு, ஆனா எனக்கு அது நல்ல காலம். ஃபேனுக்கு அடில, நாற்காலில, பக்கத்துல மோர். தமிழ்நாட்டுல இருந்த அத்தனை டீச்சரும் உட்கார்ந்துக்கிட்டுத்தான் பாடம் எடுத்தாங்க. நெட் இல்லை, போன் இல்லைன்னு ஆயிரம் குறை சொன்னாங்க, நியாயமான குறை. டீச்சர் உட்கார்ந்திருக்காங்கன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லலை.

2021 செப்டம்பர் ஒண்ணாம் தேதி ஒன்பதுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் திரும்பத் திறந்தாங்க. மறுபடி மூணாவது மாடி. அதே செப்டம்பர்ல சட்டசபைல ஒரு மசோதா வந்தது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு. கேரளால 2018லயே கொண்டு வந்தாங்க, அடுத்தது நாமதான். அங்காடித் தெரு பார்த்தவங்களுக்கு அந்தச் சட்டம் ஏன்னு விளக்க வேண்டியதில்லை. பேப்பர்ல படிச்சப்ப நிஜமாவே சந்தோஷப்பட்டேன். அப்புறம் மறுபடி படிச்சேன். கடைகள், நிறுவனங்கள்னுதான் இருந்தது. பள்ளிக்கூட டீச்சர் அதுல இல்லை. தி.நகர்ல புடவை விக்கற பொண்ணுக்குச் சட்டப்படி நாற்காலி உண்டு, அந்தப் பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவளுக்குக் கிடையாது.

ஊனமுற்றோருக்குத் தனிச் சட்டம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. 1995 சட்டத்துல ஏழு வகைதான் இருந்தது. 2016 சட்டம் அதை 21 ஆக்கினப்ப எம்.எஸ்.ஸையும் பேர் சொல்லிச் சேர்த்தாங்க. அதுல 20ஆவது பிரிவு எனக்கு மனப்பாடம். வேலைல இருக்கும்போது ஊனம் வந்தா ஆளை நீக்கக்கூடாது, பதவியைக் குறைக்கக்கூடாது. அந்த வேலை முடியலைன்னா அதே சம்பளத்துல வேற வேலை கொடுக்கணும். ஆனா 'அரசு நிறுவனம்'னு ஒரு வார்த்தை இருக்கு அதுல. என்னுடையது தனியார். தனியாருக்கும் சம வாய்ப்புக் கொள்கை எழுதி வைக்கணும்னு அடுத்த பிரிவு சொல்லுது. எங்க ஸ்கூல்ல அப்படி ஒரு காகிதத்தை நான் பார்த்ததில்லை.

சரி, சான்றிதழாவது வாங்குவோம்னு போனேன். 40 சதவீதம் இருந்தாதான் சலுகைகளுக்குத் தகுதி. நான் போனது டிசம்பர்ல, காலை ஒன்பது மணிக்கு, ஜிலுஜிலுன்னு மழை பெஞ்சு ஓஞ்ச மறுநாள். என் வாழ்க்கைலயே அவ்ளோ அழகா நடந்ததில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார், கண்ணை மூடி நிக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். எல்லாத்துலயும் பாஸ். 38 போட்டார். ரெண்டு மார்க்ல ஃபெயில்! மறுகூட்டல் உண்டான்னு கேட்டேன், சிரிச்சார். நல்ல மனுஷன், தப்பு அவர் மேல இல்லை. ஏப்ரல் மத்தியானம் போயிருக்கணும், டிசம்பர்ல போனது என் தப்பு. ஒரே ஆள் காலைல 20, மதியம் 60ன்னு இருந்தா எந்த நம்பரை எழுதுவாங்க?

இந்த இடத்துல நான்சி மேர்ஸ்னு ஒருத்தரைப் பத்திச் சொல்லணும். அமெரிக்கால அரிசோனாக்காரர். 29 வயசுல எம்.எஸ்.னு தெரிஞ்சது. அதோடவே எழுதினார், எழுதக் கற்றுக்கொடுத்தார், 2016ல இறந்தார். அவரோட பேர்பெற்ற கட்டுரை 1986ல புத்தகத்துல வந்தது. தலைப்புலயே தன்னை முடவின்னு சொல்லிக்கறார். நாகரிகமான சொல் எதுவும் எனக்கு வேண்டாம், இதுதான் நேரானதுங்கறது அவர் கட்சி. நம்ம ஊர்ல 2010ல அரசாங்கமே 'மாற்றுத்திறனாளி'ன்னு மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி தெருவுல என்னென்ன சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த மாற்றத்தோட அருமை தெரியும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா என்னைப் பொறுத்தவரை மாற்றுத் திறன்னு புதுசா எதுவும் முளைக்கலை. இருந்த திறனே கரண்ட் மாதிரி வந்து வந்து போகுது, அவ்ளோதான்.

செல்லோ வாசிச்ச ஜாக்குலின் டு ப்ரேயும் இப்படித்தான். 1973ல வியாதி தெரிஞ்சப்ப 28 வயசு. விரல்ல உணர்ச்சி போச்சு, கச்சேரி நின்னது. அப்புறம் சக்கர நாற்காலில உட்கார்ந்து மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1987ல, 42 வயசுல போயிட்டார். சொல்லிக் கொடுக்கறது அவருக்கு ரெண்டாம்பட்சமா இருந்திருக்கலாம். எனக்கு அதுதான் கச்சேரியே.

2023 ஜூன்ல ஸ்கூல் திறந்த முதல் வாரம் கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போனேன். மெடிக்கல் ஃபைலோட. ரெண்டே கோரிக்கை: தரைத்தளத்துல ஒரு வகுப்பு, ஒரு நாற்காலி. ஃபைலை ரெண்டு பக்கம் புரட்டினார். "ஒட்டிக்குமா மிஸ்?"னு கேட்டார். இல்லை சார். "பேரன்ட்ஸ் கேட்டா?" ஒட்டாதுன்னு சொல்லுங்க சார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "நீங்க ஏன் கஷ்டப்படணும்? லைப்ரரியைப் பாத்துக்கோங்க. உட்கார்ந்த வேலை." சம்பளம்? பாதிக்குக் கொஞ்சம் மேல.

எங்க லைப்ரரில 212 புத்தகம். பாதி ஆண்டு விழாப் பரிசுல மிஞ்சினது. ஒரு வாரம் டைம் கேட்டேன்.

வீட்டுல ரங்கமணி எடுத்துக்கோன்னார். மருந்துச் செலவு, பொண்ணு படிப்பு எல்லாம் கணக்குப் போட்டும், எடுத்துக்கோன்னார். அம்மா, "போதும்டி கண்ணு, உடம்பைப் பாரு"ன்னு அழுதாங்க. 'மகப்பேறு'தான் முகப்பேர் ஆச்சுன்னு சொல்வாங்க, இங்க சந்தான சீனிவாசப் பெருமாள் கோயில்ல குழந்தை வரம் கேட்டு வருவாங்க. அம்மா அங்கேயே போய் என் காலுக்காக வேண்டிக்கிட்டு வந்தாங்க. டிபார்ட்மென்ட் வேறம்மான்னேன். முறைச்சாங்க.

வாரக் கடைசில போய் லைப்ரரி வேண்டாம் சார்னேன். ஏன்னு கேட்டார். நிறைய யோசிச்சு வெச்சிருந்தேன், எதுவும் வாய்க்கு வரலை. அன்னிக்கு நாக்கும் கொஞ்சம் குழறிட்டிருந்தது. "எனக்குக் கணக்குதான் சார் தெரியும்"னு மட்டும் சொன்னேன். கடைசில பேரம் படிஞ்சது. பத்தாவது போச்சு. யாரும் கேக்காத ஒன்பதாவது 'டி', தரைத்தளம். அந்த வருஷ இன்க்ரிமென்ட் கிடையாது. நாற்காலிக்கு நிதி இல்லை, வேணும்னா நானே கொண்டு வந்துக்கலாம், இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் ஸ்டோர் ரூம்ல போட்டுடணும். மறுநாள் ரங்கமணி எங்க வீட்டு பச்சை பிளாஸ்டிக் சேரை பைக் பின்னாடி கயிறு போட்டுக் கட்டிக் கொண்டு வந்து இறக்கினார். கேட்ல வாட்ச்மேன் அண்ணன் சல்யூட் அடிச்சார்.

பசங்ககிட்ட சொல்லிடறதுன்னு முடிவு பண்ணினேன். நாப்பத்தி மூணு பேர். ஒயர் மேல பிளாஸ்டிக் உரிஞ்சு போனா கரண்ட் எப்படி ஒழுங்கா போகாது, அந்த மாதிரின்னேன். கடைசி பெஞ்ச்லேர்ந்து ஒருத்தன் எழுந்தான். அவன் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல எலெக்ட்ரீஷியன்.

"டேப் சுத்த முடியாதா மிஸ்?"

"உடம்பே கொஞ்சம் சுத்திக்கும்டா. மெலிசா. இனிமே உரியாம இருக்க மாத்திரை இருக்கு. உரிஞ்சதுக்கு சுத்தற டேப் இன்னும் வரலை."

"அப்போ லோடு கம்மியா போடணும் மிஸ்."

எனக்கு ஆறு வருஷமா டாக்டர் சொல்லிட்டிருந்தது அதுதான்.

இப்பவும் சேர்ல உட்கார்ந்துதான் எடுக்கறேன். போர்டுல எழுத ஒரு பொண்ணு. என் கையெழுத்துல 6 எது, 0 எதுன்னு சண்டை வரும், தீர்ப்பு அவ சொல்றதுதான். உட்கார்ந்தா கிளாஸ் படுத்துடும்ங்கற சித்தாந்தம் முழுப் பொய்யும் இல்லை, முதல் மாசம் பின்னாடி நல்லாவே சத்தம் போட்டாங்க. நானும் கத்திப் பார்த்தேன், கத்தினா உடம்பு சூடாகும், கண் மங்கும். அப்புறம் சேரை நடு வரிசைக்கு இழுத்துப் போட்டுக்கிட்டேன். கடைசி பெஞ்ச் ரெண்டடி தூரத்துக்கு வந்துடுச்சு. நின்னுட்டிருந்தப்ப தெரியாத ஒண்ணு அங்கேர்ந்து தெரிஞ்சது: கழித்தல்ல கடன் வாங்கத் தெரியாமலே ஒன்பதாவது வந்திருக்கான் ஒருத்தன், எல்லாத்தையும் பக்கத்துல இருக்கறவனைப் பார்த்து அழகா எழுதியிருக்கான்.

வேலை நிரந்தரம்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஏப்ரலும் அடுத்த வருஷத்துக்கு உண்டான்னு கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். போன மாசம் ஒரு அட்டாக். வலது கால் பத்து நாள் சொன்ன பேச்சு கேக்கலை, மறுபடி டிரிப்ஸ். ரெண்டு மாசமா காணாம போனதோட மீதிப் பாதி அதுதான்.

திரும்பிப் போன அன்னிக்கு என் சேர் வகுப்புல இல்லை. பக்கத்து வகுப்புல இருந்தது. புதுசா சேர்ந்திருக்கற தமிழ் டீச்சர், ஏழு மாசம். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, "சாரி மிஸ், நீங்க லீவுன்னாங்க, அதான் எடுத்தேன். இப்பவே கொண்டு வந்து போட்டுடறேன்"னாங்க. உக்காருங்கம்மான்னு சொல்லி, ரெண்டு பேர் டைம்டேபிளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். செவ்வாயும் வியாழனும் நாலாவது பீரியட் மட்டும் இடிக்குது. நாளைக்கு டைம்டேபிள் போடற சாரைப் பிடிக்கணும்.